பாலிஷ் போடாத கொலை

டோன் சவேரியோ செத்துக் கிடந்தார்.

அவருடைய இடது கையிலிருந்த வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டிக்... டிக்... டிக்...

"நல்ல மெஷின்!" என்றான் கொலைகாரன்.

மனதாரத்தான் சொன்னான். அவன் கையில் ஒரு கனமான பித்தளை மேஜைக் கடிகாரம். அடித்த வேகத்தில் அது நின்றே போய்விட்டது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. அது மட்டரகச் சரக்கு.

கொலைகாரனின் பெயர் அமில்கார் போர்டா. ப்யூனஸ் ஐரிஸில் பழைய வாட்ச் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அவன் வீட்டுப் படியைத்தான் ஏறுவார்கள். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அவன் 'வாங்கு' என்றால் வாங்குவார்கள். 'வேண்டாம்' என்றால், விற்க வந்தவன் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்! எதையும் பார்க்காமல் வாங்கியதில்லை என்பது அவனுடைய பெருமை.

இந்த ஒன்றைத் தவிர.

பழைய பொருள் சந்தை கூடுகிற சான் தெல்மோ பேட்டையில் எல்லாரும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். சவேரியோவின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உள்ளே நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"வித்துடுங்க டோன் சவேரியோ."

"மாட்டேன்."

"சரி... கழட்டி ஒரு தடவ கையில குடுங்க. லென்ஸ்ல பாத்துட்டுத் தந்துடறேன்."

"எவனுக்கும் கழட்டித் தர மாட்டேன். அதுலயும் உனக்கா? செத்தாலும் தர மாட்டேன் போய்யா!"

பெரியவர் வாய்முகூர்த்தம்!

அமில்கார் குனிந்து ஸ்ட்ராப்பைக் கழற்றினான். ஸ்டீல் வாட்ச். விமானிகளுக்காக ஸ்விட்சர்லாந்தில் செய்தது. கம்பெனிப் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள். வயதாகி வயதாகிக் கறுப்பு டயல் காபி நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த நிறத்துக்காகத்தான் உலகம் பூராவும் பித்துப் பிடித்து அலைகிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் தங்க வாட்ச்சுகள் வரிசையாக மின்னின. அமில்கார் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அப்போதுதான் பார்த்தான்.

ரத்தம்!

அடியைத் தடுக்கக் கிழவர் கையைத் தூக்கியிருந்தார். தலையிலிருந்து வழிந்த ரத்தம் மணிக்கட்டில் இறங்கி, வாட்ச் கண்ணாடியைச் சுற்றிய வளையத்துக்கும் ஸ்டீல் கேஸுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் போய்த் தேங்கியிருந்தது. பல வருஷத்து அழுக்கு அடைந்திருந்த இடுக்கு. அழுக்கோடு அழுக்காக ரத்தமும் கலந்துவிட்டது.

கைக்குட்டையை எடுத்தான். மேலாகத் துடைத்தான். இடுக்கில் நுழைக்கப் போனவன்...

நின்றான்.

வேறு எந்தக் கொலைகாரனாக இருந்தாலும் குழாயடியில் காட்டி, சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து எடுத்திருப்பான். அறிவில்லாதவன், பிழைத்துக்கொள்வான். அமில்கார் நிபுணன் ஆயிற்றே! இடுக்கில் பழைய அழுக்கு இருந்தால்தான் வாட்ச்சை யாரும் கழற்றவில்லை, கழுவவில்லை என்று அர்த்தம். ரத்தத்தைக் கழுவினால் அழுக்கும் போகும். அழுக்குப் போனால் மதிப்பும் போகும்.

'காய்ஞ்சா ரெண்டும் ஒரே நிறம்தான். எவனுக்குத் தெரியப்போகுது?' என்று நினைத்தான்.

வாட்ச்சைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கொலை செய்த கைக்கு அவ்வளவு மென்மை எங்கிருந்து வந்ததோ!

* * *

'யாரோ தெருத் திருடன் வேலை' என்று பேப்பரில் வந்தது. சவ ஊர்வலத்துக்குச் சந்தையே திரண்டு போனது. அமில்கார் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தான். ஆஹா!

மறுபடி பார்த்தான். டயலின் காபி நிறம் கொஞ்சம்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே சீராக... சந்தேகம் ஒன்று தலையைத் தூக்கியது. அதன் மண்டையில் ஒரு குட்டு வைத்து உட்கார வைத்தான். ஒரு உயிரையே விலையாகக் கொடுத்து எடுத்த வாட்ச். அதைப் போய்ச் சந்தேகப்படுவதா?

பயம் இல்லை. கிழவர் அதை யாரிடமும் கழற்றித் தந்ததில்லை. ஆகவே யாராலும் 'இதுதான் அது' என்று அடித்துச் சொல்ல முடியாது.

அவனை அரித்தது வேறு ஒன்று. ஊரிலேயே உயர்ந்த வாட்ச் கையில் இருக்கிறது, கொலை நடந்த சூட்டில் ஊருக்குக் காட்ட முடியவில்லை! நல்ல சேலை எடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாதவள் படுகிற பாடு. சோறு இறங்கவில்லை.

அந்த நிலைமையில்தான் ஒரு நாள் காலை அழைப்பு மணி அடித்தது.

திறந்தான். வாசலில் ஒரு பெண், நடுவயதைத் தொடப் போகிறவள். கழுத்தில் முத்து மாலை. அவளுக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தடியர்.

"டோன் அமில்கார் நீங்கதானே? ரொசாரியோவுலேர்ந்து வர்றோம். என் பேரு ரெனாத்தா. இது எங்கண்ணன் உபால்டோ. ஒரு வாட்ச் வாங்கலாம்னு இருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவ காட்டிடுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாரும்னா?"

"சந்தையில யாரைக் கேட்டாலும்! உங்க கண்ணு கண்ணே இல்லையாம், எக்ஸ்ரேவாம்!"

அமில்காருக்கு உச்சி குளிர்ந்தது. உள்ளே அழைத்தான். மேஜையில் மாத்தே தேநீரும் ஒரு தட்டு நிறைய வெண்ணெய் பன்னும் இருந்தன.

"இதைச் சாப்பிடலாமா சார்?" என்றார் உபால்டோ, சாப்பிட்டுக்கொண்டே.

ரெனாத்தா கைப்பையிலிருந்து ஒரு வாட்ச்சை எடுத்து வைத்தாள். பளபளவென்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சந்தையில பாத்தது. நாளைக்கு வந்து முடிவு சொல்றேன்னு வாங்கிட்டு வந்திருக்கேன். விலை வந்து..."

"மூச்! விலையச் சொல்லாதீங்க. விலையக் கேட்டா கண்ணு பொய் பேச ஆரம்பிச்சிடும்."

லென்ஸை மாட்டினான். குரல் மாறியது. வாத்தியார் குரல்!

"எல்லாரும் மொதல்ல முகத்தைப் பாப்பாங்க. நான் காதைப் பாப்பேன்."

"வாட்ச்சுக்குக் காதா?"

"ஸ்ட்ராப் மாட்டற இந்த நாலு கொம்பு இருக்கே, அதான் காது. இதோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கணும். தடவிப் பாருங்க... கரைஞ்சுபோன சோப்பு! எவனோ பாலிஷ் போட்டிருக்கான். பாலிஷ் போடப் போட ஸ்டீல் தேயும். தேஞ்சது திரும்பி வராது."

"பளபளன்னு இருந்தா நல்லதுதானே சார்?" என்றார் உபால்டோ.

சுட்ட மாட்டிறைச்சியில் சர்க்கரை தூவியவனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தான் அமில்கார்.

"நீங்க பன் சாப்பிடுங்க."

"சரி சார்."

"இப்ப டயல். எழுத்தோட ஓரத்தைப் பாருங்கம்மா. பிசிறு தெரியுதா? பழசை அழிச்சுட்டுப் புதுசா எழுதியிருக்கான். கிழவி முகத்துல புது மை! அடுத்தது இந்த ஒளிர்ற பொட்டு. ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உள்ள பாருங்க."

ரெனாத்தா பொத்திப் பார்த்தாள். "பச்சையா எரியுதே!"

"அதான் தப்பு. அந்தக் காலத்துப் பொட்டு எப்பவோ அணைஞ்சிருக்கணும். செத்தது செத்ததாவே இருக்கணும்மா. எழுந்து உக்காந்துச்சுன்னா எவனோ வேலை காட்டியிருக்கான்னு அர்த்தம்."

ரெனாத்தா பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"ஆமா..." என்றாள் மெதுவாக. "செத்தது எழுந்து உக்காராது."

அமில்கார் பின் மூடியைத் திறந்தான். 'ச்சு ச்சு' கொட்டினான்.

"திருகாணித் தலையெல்லாம் பாருங்க, சிராய்ப்பு! வாட்ச் ரிப்பேர்காரனா இவன், கசாப்புக்காரன்!"

"அப்ப வாங்க வேண்டாங்கறீங்களா?"

"வாங்குங்க. உங்க பரானா ஆத்துல மீன் பிடிக்கப் போறப்ப கட்டிக்கலாம். விழுந்தாலும் வருத்தம் இருக்காது."

உபால்டோ சிரித்ததில் பன் தூள் பறந்தது. ரெனாத்தா மட்டும் பெருமூச்சு விட்டாள்.

"அப்ப இந்த ஊர்ல அசலே கிடையாதா? டோன் சவேரியோன்னு ஒருத்தர் வெச்சிருந்தாராமே... அது ஒண்ணுதான் சுத்தமான அசலாம். பாவம், மனுஷனும் போயிட்டாரு, வாட்ச்சும் போச்சு."

"யாரு சொன்னா?"

"சந்தையிலதான். இன்னொண்ணும் சொன்னாங்க... வேணாம் விடுங்க. மனசு சங்கடப்படுவீங்க."

"சங்கடமெல்லாம் ஒண்ணுமில்ல. சொல்லுங்க."

"பேருதான் பெரிய நிபுணராம். ஊர்லயே நல்ல வாட்ச்சைக் கையால தொடற குடுப்பினை மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் இல்லைன்னு..."

சுரீர் என்றது!

"தொடலைன்னு எவன் சொன்னான்?" என்று கத்தினான் அமில்கார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது அது பாட்டு என்ற சமாதானம் உண்டு. அமில்கார் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதாவது... அந்த வாட்ச்சை இல்ல. அதே மாதிரி இன்னொண்ணு. தெற்கே ஒரு பழைய விமானியோட குடும்பத்துலேர்ந்து வாங்கினேன். அதைப் பத்தி ஊருக்குத் தெரியாது."

"நெஜமாவா! எனக்குக் குடுப்பீங்களா?"

"விக்கறதுக்கு இல்லைம்மா."

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் கேக்கறேன். அவரு இத்தாலியில இருக்காரு. அடுத்த வாரம் நானும் அங்க போயிடுவேன். அப்புறம் அந்த வாட்ச் இந்தப் பக்கமே வராது."

இந்தப் பக்கமே வராது!

அமில்கார் யோசித்தான். சாட்சி கடல் தாண்டிப் போய்விடும். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஜோடிக் கண்ணாவது அதைப் பார்த்து வாயைப் பிளக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

சமையலறைக்குப் போனான். தேயிலை டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரு துணி மூட்டையோடு திரும்பினான். மேஜை மேல் வைத்துப் பிரித்தான்.

ரெனாத்தா அதைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்தன.

"அழறீங்களா?" அமில்காரின் குரல் குழைந்தது. "பரவாயில்ல. மொத மொத கையில எடுத்தப்ப எனக்கும் அழுகை வந்துச்சு."

"நானே பாக்கட்டுமா? இப்ப சொல்லிக் குடுத்தீங்களே, அது மாதிரி?"

"பாருங்க, பாருங்க!"

அவள் லென்ஸை மாட்டிக்கொண்டாள்.

"காது... கூர்மையா இருக்கு."

"பாலிஷே படலை!"

"எழுத்துல பிசிறு இல்ல. பொட்டு எரியலை."

"செத்தது செத்ததாவே இருக்கு!"

"இந்த இடுக்குல என்ன இது, அழுக்கா? ஒரு ஊசி குடுங்க, சுரண்டிடறேன்."

"ஐயோ, தொடாதீங்க!" பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். "அதான்மா இந்த வாட்ச்சோட ஜாதகமே! இத்தனை வருஷமா எவனும் கழட்டலை, கழுவலைன்னு சாட்சி சொல்றது இந்த அழுக்குதான்!"

"அழுக்கு சாட்சி சொல்லுமா?"

"கோர்ட்டுல வந்து நின்னா மாதிரி சொல்லும்!"

"நீங்ககூட இதைக் கழுவலையா?"

"நானா? என் கைக்கு வந்ததுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல. பிரஷ் பட்டதில்ல. எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. சத்தியமா!"

ரெனாத்தா லென்ஸைக் கழற்றினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் உபால்டோவைப் பார்த்து.

"கேட்டுக்கிட்டேன்" என்றார் உபால்டோ. தட்டைத் தள்ளி வைத்தார். கையிலிருந்த பன் தூளைத் தட்டினார். கோட்டுப் பைக்குள்ளிருந்து ரப்பர் உறையை எடுத்து மாட்டிக்கொண்டார். வாட்ச்சை இரண்டு விரலால் தூக்கி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டார்.

"இன்ஸ்பெக்டர் உபால்டோ. பன் நல்லா இருந்துச்சு. ரொம்ப தேங்க்ஸ்."

வாயைப் பிளந்தது அமில்கார்தான்.

"நான் டோன் சவேரியோ பொண்ணு" என்றாள் ரெனாத்தா. இப்போது அவள் குரலில் குழைவு எதுவும் இல்லை. "எங்கப்பாவை எடுக்கறப்ப சந்தையில எல்லாரும் வந்தாங்க. நீங்க மட்டும் வரலை. வந்திருந்தா என் முகம் தெரிஞ்சிருக்கும். இன்னிக்குக் கதவைத் திறந்திருக்க மாட்டீங்க."

"அது... அது தெருத் திருடன்..."

"திருடன் தங்கத்தை விட்டுட்டு ஸ்டீலை எடுப்பானா? இந்த ஊர்ல தங்கத்தைத் திரும்பிக்கூடப் பாக்காம இதைக் கழட்டிட்டுப் போற ஆளு யாருன்னு யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கலை."

"இது விமானி வீட்டு வாட்ச்! இடுக்குல இருக்கறது வெறும் அழுக்கு!"

"அழுக்குன்னா லேபுல அழுக்குன்னு சொல்லிடப் போறான்" என்றார் உபால்டோ. "சுரண்டிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"சுரண்டுவாங்களா!" அமில்கார் அலறினான். "ஐயோ சார், மெதுவாச் சுரண்டச் சொல்லுங்க! மரக்குச்சியால! ஸ்டீல் பட்டா கீறிடும் சார்!"

உபால்டோ அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"யோவ், நீ ஆயுசுக்கும் உள்ள கிடக்கப் போற. உனக்கு வாட்ச் கீறிடும்னு கவலையா?"

"நான் போனா போறேன் சார். என்னை மாதிரி ஆயிரம் பேர் வருவான். இதை மாதிரி இன்னொண்ணு இந்த உலகத்துலயே கிடையாது!"

"இருக்கு" என்றாள் ரெனாத்தா.

"எங்க?"

"எங்க வீட்டு அடுப்புல."

அமில்காருக்குப் புரியவில்லை.

"எம்பனாடா பலகாரம் சுடற தட்டுல இன்னும் மூணு டயல் இருக்கு. கறுப்பு டயலை மாத்தே கஷாயத்துல ஊற வெச்சு, பக்குவமாச் சுட்டு, காபி நிறம் கொண்டு வர்றது நானு. ரொசாரியோவுல சுட்டு பஸ்ஸுல அனுப்பி வெப்பேன். காதை அரத்தால ராவிக் கூர்மையாக்கறது எங்கப்பா."

"பொய்! அந்த அழுக்கு? அத்தனை வருஷத்து அழுக்கு?"

"ஷூ பாலிஷ்."

அமில்கார் நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். கொலைக் குற்றம் சாட்டியபோதுகூட அவன் முகம் இப்படி வெளுக்கவில்லை.

"அம்மா, இந்த விஷயமெல்லாம் என் காதுல விழலை" என்றார் உபால்டோ அவசரமாக.

"விழட்டும் சார். தொழில் போனா போகட்டும். அப்பாவே போயாச்சு."

"நான்... நான் லென்ஸ் வெச்சுப் பாத்தேனே!" அமில்கார் முனகினான். "எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"எப்படித் தெரியும்? ஒரு மனுஷனைக் கொன்னுட்டு எடுத்ததைப் போலின்னு ஒத்துக்க எந்தக் கண்ணுக்குத் தைரியம் வரும்?"

"அப்ப உங்கப்பா ஏன் எனக்கு அதைக் காட்டவே மாட்டேன்னாரு?"

"பயம்!" ரெனாத்தாவின் உதடு துடித்தது. "ஊர்ல எவனை வேணா ஏமாத்திடலாம், அமில்கார் கண்ணை மட்டும் முடியாதும்மான்னு சொல்லிட்டே இருப்பாரு. உங்க கையில குடுத்தா ஒரே நொடியில மானம் போயிடும்னு நடுங்குவாரு. உங்க மேல எங்கப்பாவுக்கு அவ்வளவு மரியாதை!"

பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து டிக் டிக் சத்தம் மட்டும் வந்தது.

"மெஷினாவது..." என்றான் அமில்கார். பிச்சை கேட்கிற குரல்.

"மூணு செத்த வாட்ச்சுலேர்ந்து பொறுக்கிப் போட்டது."

"அப்ப இதுல எதுவுமே அசல் இல்லையா?"

ரெனாத்தா பையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த இடுக்கைக் காட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. இந்த ரத்தம். எங்கப்பாவோடது. இதுல துளிகூடக் கலப்படம் கிடையாது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை அவள் எதற்காக அழுகிறாள் என்று அமில்காருக்கும் தெரிந்தது.

உபால்டோ விலங்கை மாட்டினார். 'க்ளிக்'! போகிற போக்கில் தட்டிலிருந்த கடைசிப் பன்னையும் எடுத்துக்கொண்டார்.

வாசற்படியில் அமில்கார் நின்றான். திரும்பினான்.

மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தார் உபால்டோ.

"கோவிச்சுக்காதீங்கம்மா... ஒரே ஒரு சந்தேகம். அந்தக் காபி நிறம் வர்றதுக்கு... அடுப்புல எவ்வளவு நேரம் வெப்பீங்க?"

ரெனாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி கேக்கணும், டோன் அமில்கார்!"